அவர் சார், நான் அண்ணே

எங்கள் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் கூரையில் நின்று டிஷ்ஷைத் திருப்ப வேண்டும். இன்னொருவன் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எண் சொல்ல வேண்டும். கூரையில் நிற்கிறவன் நான்.

கேபிள் போகாத மலையோரத்து வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிற சின்ன கம்பெனி. குன்றின்மேல் எங்கள் டவர் இருக்கிறது. வீட்டுக் கூரையில் ஒரு இரும்புப் பைப் நட்டு, அதில் டிஷ்ஷைக் கட்டி, டவரைப் பார்த்து நிறுத்துவோம். நடுவில் கம்பி கிடையாது. காற்றுதான். டிஷ் டவரை நேருக்கு நேர் பார்த்தால் லைன் ஓடும். ஒரு விரல் விலகினாலும் நொண்டும்.

அந்த எண் சிக்னலின் அளவு. முன்னால் மைனஸ் வரும். ஐம்பத்தெட்டு என்றால் நல்லது. எண்பது என்றால் லைன் செத்தது. கூடினால் கெட்டது. எட்டாவதோடு நின்ற எனக்கு அந்தக் கணக்கு மண்டையில் ஏற ஒரு மாதம் ஆயிற்று.

எனக்கு ஊர் வள்ளியூருக்குத் தெற்கே. பனையும் உடைமுள்ளும் உள்ள காடு. திருவனந்தபுரத்துக்கு வந்தது பெயின்ட் அடிக்க. மொபைல் டவர்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்துக்கொண்டிருந்தேன். உயரத்துக்குப் பயப்படாதவன் என்று பார்த்து இந்த முதலாளி கூப்பிட்டுக்கொண்டார். பத்து வருஷம் ஆகிறது.

ஆபீஸில் எண் சொல்கிறவர் வந்து மூன்று வருஷம். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி நடந்தால் கோயிலை ஒட்டிய தெருவில் அவர் வீடு. டிப்ளமா படித்தவர். வயது என்னைவிட நாலைந்து குறைவு. ஏணியில் நாலாவது படிக்கு மேல் ஏறிப் பார்த்ததில்லை. அவர் வருவதற்கு முன்னால் என் போனிலேயே எண்ணைப் பார்த்து நானே திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் வந்ததும் முதலாளி சொன்னார்: "இனி ஆபீஸ்ல இருந்து அவர் நோக்கும். நீ திருப்பினா மதி."

திருப்பினால் போதுமாம்.

நல்ல குரல் அவருக்கு. அதை நான் மறுக்கவில்லை. அவசரமே படாது.

"அண்ணாச்சி, இன்னும் ஒரு விரக்கடை இடது பக்கம் திருப்புங்கோ. செத்த இருங்கோ. ஆ, அதான். போறும். இறுக்கிடுங்கோ."

இரண்டு கையும் டிஷ்ஷில் இருப்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். வீட்டுக்காரர்கள் கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். லைன் வந்ததும் அண்ணாந்து பார்த்து, "ரொம்ப நன்றி சார்" என்பார்கள். என்னைப் பார்த்து அல்ல. என் பையைப் பார்த்து.

மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்துப் பிரயோசனமில்லை.

அந்த வீடு பொன்முடி ரோட்டில் பாதி வழியில் இறங்கி ரப்பர் தோட்டத்துக்குள் நடக்கிற தூரத்தில் இருந்தது. மேலே தேயிலை எஸ்டேட்டில் லயத்து வரிசை வீட்டில் பிறந்த தமிழ்க் குடும்பம். கீழே வந்து ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். கமுகில் ஏறி விழுந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். புரண்டு படுக்கவும் ஆள் வேண்டும்.

அதனால் அவர் மனைவி வீட்டிலிருந்து செய்கிற வேலை ஒன்று பிடித்திருந்தாள். நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வருகிற போன்களை எடுத்து, எந்த டாக்டர், எத்தனை மணி என்று சொல்லும் வேலை. காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒன்பதிலிருந்து ஐந்து வரை உட்கார வேண்டும். போன் எல்லாம் இன்டர்நெட் வழியாகத்தான் வரும். லைன் போனால் வேலை போகும்.

தை மாதம் போய் டிஷ் வைத்தேன். டவர் கண்ணுக்கே தெரிந்தது. நான் அடித்த சிவப்பு வெள்ளை. வழக்கப்படி பைப்பின் பக்கத்தில் நின்று டவர் பக்கமாக ஒரு போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பினேன்.

"நடுவுல மரம் ஏதாவது இருக்கா அண்ணாச்சி?" என்றார் அவர்.

"எல்லாம் மொட்டையா நிக்கி சார். பட்ட மரம். ஒண்ணும் மறைக்கல."

ஐம்பத்தெட்டு கிடைத்தது. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார் நல்லா இருப்பீங்க" என்றாள் என் பையைப் பார்த்து. பிறகு என்னிடம், "அண்ணே, கட்டன் சாயா குடிக்கிறீங்களா?" என்றாள். அவர் சார். நான் அண்ணே. குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பங்குனி பிறந்ததும் கம்ப்ளெயின்ட் வர ஆரம்பித்தது. லைன் விட்டு விட்டு வருகிறது. சாயங்காலமானால் மோசம்.

முதல் தடவை போனபோது அடாப்டரைத் திறந்தேன். உள்ளே எறும்பு முட்டை வைத்திருந்தது. மாற்றினேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன். கேபிள் முனையைப் பார்த்தேன். லேசாகப் பச்சை பூத்திருந்தது. வெட்டிவிட்டுப் புதிது போட்டேன். மூன்றாவது தடவை டிஷ்ஷையே மாற்றினேன். எண் எழுபத்தொன்றுக்குக் கீழே இறங்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா அவரிடம்தான் பேசினாள். என் போனையே கேட்டு வாங்கிப் பேசினாள். "சார், இவருக்கு நேத்து ஸ்கேன் எடுத்தோம் சார். ஆமா சார், நீங்க சொன்ன டாக்டர்தான்."

ஸ்கேன் வரைக்கும் போயிருக்கிறது. அந்த வீட்டுக்கு நான் நாலு தடவை மலை ஏறியிருக்கிறேன். எனக்கு ஸ்கேன் தெரியாது.

கட்டிலில் இருந்தவர் வாய் சும்மா இருக்காது. நான் ஏணியில் ஏறும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார்.

"அண்ணாச்சி, இப்பவும் நீதானா? வைத்தியரை அனுப்பச் சொன்னா ஆம்புலன்ஸ் டிரைவரை அனுப்புறாங்க அல்லே?"

"வைத்தியருக்கு ஏணி ஏறத் தெரியாதுல்லா" என்றேன்.

"எனக்கு ஏறத் தெரிஞ்சு எந்தா காரியம்? கிடக்குறது கண்டோ?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அதற்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் பார்ப்போம். வேலை நேரத்தில் மூன்று தடவை லைன் போனால், அடுத்த மாதத்திலிருந்து நகரத்து ஆபீசில் வந்து உட்கார வேண்டும். இரண்டு பஸ் மாறி, விடிவதற்கு முன் கிளம்பி, இருட்டித் திரும்ப வேண்டும். அதுவரை கட்டிலில் கிடப்பவரை யார் பார்ப்பது? அந்த அம்மா இதைச் சொல்லும்போது அழவில்லை. விரலை மடக்கி, "ஒண்ணு போச்சு அண்ணே. இனி ரெண்டு உண்டு" என்றாள்.

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். ஆபீசுக்குப் போன் போடவில்லை. கூரை ஏறி, பழையபடி என் போனில் எண்ணைப் பார்த்து நானே திருப்பினேன். ஒன்றரை மணி நேரம். உச்சி வெயில். தகடு கையைச் சுட்டது. அறுபத்தாறுக்குக் கொண்டுவந்தேன். அவர் குரல் இல்லாமல் ஐந்து குறைத்திருக்கிறேன்.

கூரையில் நிமிர்ந்து பார்த்தேன். டவர் தெரியவில்லை. மலையில் மஞ்சு இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். உச்சி வெயிலில் ஏது மஞ்சு என்று தோன்றவில்லை. மரமெல்லாம் பச்சையாக நின்றது. மரமென்றால் பச்சைதானே. என் நினைப்பெல்லாம் வேறிடத்தில் இருந்தது.

இறங்கி வந்து அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"ஆபீஸ்ல செட்டிங்தான் தப்பு. அதான் இவ்வளவு நாளா ஓடல. நான் சரி பண்ணிட்டேன்."

"சாரா தப்பு செஞ்சாரு?" அவளால் நம்ப முடியவில்லை.

"பின்ன யாரு? இனிமே ஆபீசுக்குக் கூப்பிடாதீங்க. இது என் நம்பரு. எதுன்னாலும் எனக்கு அடிங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் எழுதி வைத்துக்கொண்டாள். பஸ் ஏறும்போது மனது லேசாக இருந்தது. பொய் சொன்னோம் என்று தோன்றவில்லை. உண்மை என்றே நம்பினேன்.

மறுநாள் எனக்கு விழிஞ்ஞத்தில் வேலை. துறைமுகத்துப் பக்கம் ஒரு டவரில் பழைய பெட்டியை இறக்க வேண்டும். நாலு மணிக்கு நான் மேலே பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். கடல் பக்கம் வெயில். மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. பையில் போன் அடித்தது. கை ஒழியவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்பது தடவை.

இறங்கி எடுத்துக் கூப்பிட்டேன்.

"மழை தொடங்கின உடனே போச்சு அண்ணே" என்றாள். "ஒரு மணிக்கூர் ஆச்சு. நீங்க ஆபீசுக்குக் கூப்பிட வேண்டாம்னு சொன்னீங்க. அதுகொண்டு உங்களையே கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துக் கீழே போட்டேன்.

"ரெண்டாச்சு அண்ணே. இனி ஒண்ணுதான்."

அப்புறம் அவள் ஆபீசுக்கும் கூப்பிட்டிருக்கிறாள். ஏழு மணிக்கு அவர் எனக்குப் போன் செய்தார். செட்டிங் விஷயத்தை அந்த அம்மா சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவர் அதைப் பேசவில்லை.

"அண்ணாச்சி, நாளைக்குக் கார்த்தாலயே அங்க போயிடுங்கோ. எதையும் மாத்த வேண்டாம். அந்தம்மாவோட ஆத்துக்காரர் கிட்ட மரத்தைப் பத்திக் கேளுங்கோ."

"எந்த மரம்?"

"கேளுங்கோ. அவர் சொன்னாத்தான் நன்னா புரியும்."

ராத்திரி முழுக்க அந்த 'கேளுங்கோ' காதில் கிடந்தது. என்னைப் பாடம் கேட்க அனுப்புகிறார்.

காலையில் போனேன். அந்த அம்மா ஹெட்செட்டோடு உள்ளே இருந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை தடவை வந்தும் அன்றுதான் அந்த அறைக்குள் கால் வைத்தேன்.

"மரத்தைப் பத்திக் கேக்கச் சொன்னாரு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பனங்காட்டு ஆளு அல்லே?"

"ஆமா."

"பனை எல்லா ஓலையையும் ஒண்ணா உதிர்க்குமா?"

"உதிர்க்காது."

"ரப்பர் உதிர்க்கும். மகர மாசத்துல, அதான் உங்க தையில, மொத்தமும் கொழிஞ்சு பட்ட மரம் மாதிரி நிக்கும். கும்பத்துல தளிர் வரும். மீனத்துல, உங்க பங்குனியில பாரு, ஆகாசம் தெரியாது. நீ டிஷ் வெச்சது மகரத்துல. அண்ணைக்கு இந்த ஜன்னல் வழியா எனக்கு மலை தெரிஞ்சுது. இன்னிக்கு நோக்கு."

நோக்கினேன். ஜன்னல் முழுக்க இலை.

"மழை பெஞ்சா எல எல்லாம் நனையும். எலையில நிக்குற வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் உன் டவரு. பின்னே எப்படிடே லைன் வரும்?"

"இதை ஏன் எங்கிட்ட முன்னமே சொல்லல?"

"நீ எப்போ கேட்ட? வந்த உடனே ஏணியில ஏறுவ, இறங்குவ, சாயா குடிப்ப, போவ. நேத்து உங்க சாரு போன்ல, 'அண்ணா, ஜன்னல் வழியாப் பார்த்தா என்ன தெரியறது'ன்னு கேட்டாரு. சொன்னேன்."

ஏணி ஏறத் தெரியாதவர், ஏறாமலே பார்த்துவிட்டார். கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். எனக்கு அது தோன்றவில்லை.

கூரைக்குப் போனேன். போனில் தை மாதத்துப் போட்டோவை எடுத்தேன். குச்சி குச்சியாக மரம். நடுவில் டவர். நான் எடுத்த போட்டோ. 'பட்ட மரம்' என்றது என் வாய். செட்டிங்கில் ஒன்றும் இல்லை. நான் வைத்த இடம்தான் தப்பு.

மரம் அடுத்தவர் தோட்டம். வெட்ட முடியாது. பால் தருகிற மரத்தை யார் வெட்டுவார்கள்? பைப்பை உயர்த்தலாம் என்றால் ரப்பர் அறுபது அடி நிற்கிறது. வீட்டைச் சுற்றி நடந்தேன். பின்பக்கம் சரிவில் ஒரு பாறை. அதன்மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. ஏறிப் பார்த்தேன். மர உச்சிகள் எல்லாம் என் காலுக்குக் கீழே இருந்தன. அதற்கு மேலே சிவப்பு வெள்ளை.

வீட்டுக்குள்ளிருந்து பாறை உச்சிக்குக் காலால் அளந்தேன். நூறு மீட்டருக்கு மேல் எங்கள் கேபிள் வேலை செய்யாது. வளைந்து போனால் தாண்டிவிடும். நேரே இழுத்தால் தொண்ணூறுக்குள் நிற்கும். நேரே என்றால் ரப்பருக்கு நடுவே. காட்டுப்பன்றி கடிக்கும். அந்த வீட்டில் பழைய தோட்டத்துக் குழாய் ஒரு சுருள் கிடந்தது. அதற்குள் கேபிளைக் கோத்துப் புதைத்தேன். மண் வெட்ட மதியமாகிவிட்டது. தோட்டத்துக்காரரிடம் கட்டிலில் இருந்தபடியே போனில் அனுமதி வாங்கிக் கொடுத்தார் அவர்.

டிஷ்ஷை மாற்றுகிற பத்து நிமிஷம் லைன் இருக்காது. வேலை நேரத்தில் போனால் மூன்றாவது தடவை. அவளுடைய சாப்பாட்டு இடைவேளைக்குக் காத்திருந்தேன். அரை மணி நேரம்தான். தனியாகத் திருப்பினால் எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அது எனக்குத் தெரியும்.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்கோ அண்ணாச்சி."

"பாறை மேல நிக்கேன். இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. எண்ணு சொல்லுங்க."

"இங்கே ரெடி. முதல்ல வலது. இன்னும். இன்னும். நில்லுங்கோ. தாண்டிட்டோம். ஒரு நூல் திரும்பி வாங்கோ. ஆ. இப்ப தலையைச் செத்த தூக்குங்கோ... அண்ணாச்சி, அம்பத்தாறு!"

தையில் கிடைத்ததைவிட இரண்டு நல்லது. இறுக்கினேன். ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

எனக்குப் போக மனமில்லை. மழையிலும் லைன் ஓடுகிறதா என்று பார்க்கப் பாறைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்கு வந்தது. நல்ல மழை. தொட்டி மூடியில் கொட்டுச் சத்தம். எழுந்து ஓடி வந்து இறவாரத்தில் நின்றேன். உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு வயசாளி. காது கேட்காது போல. எலும்பு டாக்டர் என்றைக்கு வருவார் என்று அவள் மலையாளத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் அறுபடவில்லை. மழை விட்டதும் வெளியே வந்தாள்.

"லைன் போகல அண்ணே!"

"உம்."

"அப்போ சார் செட்டிங்ல தப்பு இல்ல, அல்லே?"

"இல்ல. தப்பு என்னுது. மொட்டை மரத்தைப் பாத்து வெச்சுட்டேன். சாரைச் சொன்னது பொய்."

அவள் ஹெட்செட் வயரைக் கையில் சுற்றினாள். உள்ளேயிருந்து கட்டில்காரர்தான் பேசினார்.

"போட்டே, விடு. பனங்காட்டு ஆளு அல்லே. ஒரு சாயா கொடு. உள்ள வந்து குடிக்கச் சொல்லு."

அடுத்த வாரம் சம்பளம் வாங்க ஆபீசுக்குப் போனேன். கம்ப்ளெயின்ட் எழுதுகிற கம்ப்யூட்டரை முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். "பாறை மேல வெச்சது நீ நல்லா செஞ்ச. இவர் மேப் சரியா நோக்காம இடம் சொல்லிட்டாராம். அவரே எழுதியிருக்கு."

அவரைப் பார்த்தேன். அவர் கீபோர்டைப் பார்த்தார்.

பழியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். அதை நான் செய்திருக்க வேண்டும். அதிலும் முந்திவிட்டார். எனக்கு வந்தது நன்றி அல்ல. பழைய எரிச்சல்தான், இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

"இல்ல மொதலாளி. இடம் நான் பாத்தது. மரம் மறைக்கலன்னு சொன்னதும் நான்தான்."

"விடுங்கோ அண்ணாச்சி" என்றார் அவர்.

"விட மாட்டேன். மாத்தி எழுதுங்க."

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சம்பளத்துக்கு அடிபிடி கண்டிருக்கேன். தப்புக்கு இப்போதான் காணுறேன்" என்று எழுந்து போனார். கீபோர்டை இழுத்து அவர் மாற்றி எழுதினார். நான் பக்கத்தில் நின்று படித்துப் பார்த்தேன். என் பேர் இருந்தது.

மாதம் முடிந்த மறுநாள் நான் வேறொரு கூரையில் நின்றேன். பையில் போன் அடித்தது. அந்த அம்மா.

"அண்ணே, மூணாவது ஆகல. இனி வீட்ல இருந்தே செஞ்சா மதின்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

"சந்தோசம்மா."

"ஆமாண்ணே. இப்பத்தான் சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். உங்களையும் கூப்பிட்டுச் சொல்லணும்னு சார்தான் சொன்னாரு."

"சரிம்மா" என்றேன். வீட்டுக்காரருடைய ஸ்கேன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். எலும்பு கூடி வருகிறதாம். அடுத்த மாதம் உட்கார வைத்துப் பார்ப்பார்களாம்.

வைத்தேன். பக்கத்துத் தோட்டத்தில் இருபது முப்பது மரம் நின்றது. எனக்குப் பேர் தெரியாத மரம். அது எந்த மாதம் இலை உதிர்க்கும் என்று கீழே நின்ற வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார். அதன் பிறகு ஆபீசுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சொல்லுங்கோ அண்ணாச்சி" என்றது பை.